மஞ்சள் வித்து வாங்கின மஞ்சள் விளக்கு

2023 ஆடி மாசம் ஈரோட்டுல மஞ்சள் விலை ஏற ஆரம்பிச்சப்ப, என் பேர்ல குடோன்ல மூணு வருஷத்து விரலி மஞ்சள் கிடந்துச்சு. குவிண்டால் ஆறாயிரம் ஏழாயிரம்னு கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துப் போய், வித்தாப் போதும்னு இருந்த நேரம். பத்தாயிரத்தைத் தாண்டினதும் வித்துட்டேன். இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தா இன்னும் கூட வந்திருக்கும்னு இப்பவும் சொல்றவங்க இருக்காங்க. அவங்களுக்கு என் வீட்டு நெலமை தெரியாது.

எங்கப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், கோபிக்குக் கூட்டிட்டுப் போய் டயாலிசிஸ் பண்ணணும். தோட்டத்துல இருந்து பதிமூணு கிலோமீட்டர். மினி பஸ் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நாலு மணி நேரம் மெஷின்ல படுத்து எந்திரிச்ச மனுஷனை பஸ்ஸுல நிக்க வெச்சுக் கூட்டிட்டு வர முடியாது. வாடகை வண்டிக்கு மாசம் எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பார்த்து, மஞ்சள் பணத்தோட கொஞ்சம் கடனும் சேர்த்து, ஆயுத பூஜைக்கு முன்னால ஒரு டீசல் கார் எடுத்தோம். எல்லாம் சேர்த்து பதிமூணு லட்சத்துச் சொச்சம். என் ஆயுசுல ஒரே நாள்ல நான் செலவு பண்ணின பெரிய தொகை அதுதான். போர் போட்டப்பக் கூட இவ்வளவு ஆகலை.

மாடு, மழை, வாய்க்கால் தண்ணின்னு எழுதிட்டு இருக்கறவன் இன்னைக்குக் காரைப் பத்தி எழுதறேனேன்னு நினைக்காதீங்க. நீங்களும் கார் வெச்சிருக்கீங்க. சொல்லப் போனா உங்களுக்குத்தான் இது அதிகமா உதவும்.

ஷோரூம்ல அந்தப் பையன் தங்கமாப் பேசுனான். காபி குடுத்தான். "ஒரு நாளைக்கு எவ்வளவு சார் ஓட்டுவீங்க?"ன்னு கேட்டான். வாரத்துக்கு ரெண்டு நாள் கோபி, பதிமூணும் பதிமூணும் இருபத்தாறு, மத்தபடி தோட்டம் தொரவு, எப்பவாச்சும் ஈரோடுன்னு தெளிவாச் சொன்னேன். "அப்ப டீசல் தான் சார் பெஸ்ட், மைலேஜ் அள்ளும்"னான். இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வேணும்.

முதல் மூணு மாசம் நடந்த சில்லறை விஷயங்களை வேகமாச் சொல்லிட்டுப் போயிடறேன். முன்னாடி இருக்கற டச் ஸ்கிரீன் தானா அணையும், தானா எரியும். பின் கதவு ரப்பர் வழியா ஐப்பசி மழை உள்ள வந்துச்சு. ஒரு தடவை எலி ஒயரைக் கடிச்சுருச்சு, வாரண்டியில வராதுன்னாங்க. அதுக்கு நான் சண்டை போடலை. எலி என்னோடது.

தை மாசம் தான் அந்த மஞ்சள் விளக்கு வந்துச்சு. மீட்டருக்குள்ள, ஒரு பெட்டிக்குள்ள புள்ளி புள்ளியா இருக்கற மாதிரி ஒரு படம். புத்தகத்தைப் புரட்டினா டி.பி.எஃப்.னு போட்டிருந்துச்சு.

இது என்னன்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். 2020 ஏப்ரல் 1-ல இருந்து நாட்டுல விக்கற புது வண்டியெல்லாம் பி.எஸ்.6 விதிப்படி இருக்கணும். அதுக்காக டீசல் காரோட புகைக்குழாய்ல ஒரு வடிகட்டி வெச்சிருக்காங்க. டீசல் எரியும்போது வர்ற கரித்தூளை அது புடிச்சு வெச்சுக்கும். நல்ல விஷயம் தான், அந்தக் கரியைத்தான் நாமளும் நம்ம குழந்தைகளும் சுவாசிச்சுட்டு இருந்தோம். புடிச்ச கரி சேர்ந்து சேர்ந்து அடைச்சுக்குமில்ல, அதை அப்பப்ப எரிச்சுச் சாம்பலாக்கணும். அதுக்கு வடிகட்டி அறுநூறு டிகிரி கிட்ட சூடாகணும். நெடுஞ்சாலையில வேகமாப் போற வண்டியில அது சுலபமா நடக்கும். மெதுவா, கொஞ்ச தூரமே ஓடற வண்டியில கம்ப்யூட்டர் கூடுதலா டீசலைப் பீச்சி சூடேத்தப் பார்க்கும். பாதியில நாம வண்டியை அணைச்சுட்டா அந்த வேலை அரைகுறையா நின்னுரும். எரியாத டீசல்ல கொஞ்சம் சிலிண்டர் ஓரமா வழிஞ்சு இன்ஜின் ஆயில்ல கலக்கும்.

பதிமூணு கிலோமீட்டர், நடுவுல ரெண்டு வாய்க்கால் பாலம், எண்ண முடியாத வேகத்தடை, பக்கத்துல முடியாத அப்பா. எந்த வேகத்துல போவேன்? நாட்டுல அதிகமா கார் விக்கற கம்பெனியே 2020-ல டீசல் கார் செய்யறதை நிறுத்திருச்சு. தொழில்ல இருக்கறவங்களுக்கு இது தலைவலி பிடிச்ச சமாச்சாரம்னு அப்பவே தெரியும். காபி குடுத்த பையனுக்குத் தெரியலை, இல்லேன்னா சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க.

இதைப் படிச்சுட்டு "பாவம் கிராமத்து ரோடு"ன்னு நினைக்காதீங்க. ஓ.எம்.ஆர்.ல சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போற உங்க டீசல் வண்டிக்கும் இதே கதைதான். என் வாய்க்கால் பாலத்துக்குப் பதிலா உங்களுக்கு மெட்ரோ பள்ளம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். லேப்டாப்பை மாட்டினாங்க. நிக்க வெச்சே இன்ஜினை உறுமவிட்டு கரியை எரிச்சாங்க. ஆயிலை மாத்தினாங்க. பில் 7,840 ரூபாய். புது வண்டி, மூணு வருஷம் வாரண்டி, எதுக்கு நான் காசு குடுக்கணும்னு கேட்டேன். "யூசேஜ் பேட்டர்ன் சார், வாரண்டியில வராது"ன்னு சர்வீஸ் அட்வைசர் சொன்னார். தமிழ்ல சொன்னா, நீ ஓட்டுன விதம் தப்பு. எப்படி ஓட்டப் போறேன்னு வாங்கறதுக்கு முன்னாடியே சொன்னேனேன்னு கேட்டேன். "அது சேல்ஸ் சார், நாங்க சர்வீஸ்."

அப்புறம் ஒரு வைத்தியம் சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவை பைபாஸ்ல ஏத்தி அரை மணி நேரம் வேகமா ஓட்டுங்க, தானா சரியாயிரும்னார். சரின்னு ஞாயித்துக்கிழமை ஆனா வண்டியை எடுத்துட்டு பெருந்துறை பைபாஸ் வரைக்கும் போய், அங்க விரட்டி ஓட்டிட்டுத் திரும்பி வருவேன். வூட்டுக்காரி முதல் வாரம் கேட்டா, "ஏனுங்க, எந்தக் கோயிலுக்குப் போறீங்க?"ன்னு. புகைக்குழாய்ல இருக்கற கரியை எரிக்கப் போறேன்னு சொன்னேன். சிரிச்சா. ஆறாவது வாரம் சிரிக்கலை. கரியைக் குறைக்கறதுக்காக வெச்ச சாமானுக்காக, வேலையே இல்லாம ஞாயித்துக்கிழமை டீசலை எரிச்சுட்டு வர்றேன். சுற்றுச்சூழலுக்கு நான் செஞ்ச சேவை.

அப்படி ஓட்டியும் பங்குனியில திரும்பவும் விளக்கு எரிஞ்சுது. அதுக்குள்ள இன்னொன்னும் கவனிச்சேன். டிராக்டர் ஓட்டறவனுக்கு ஆயில் குச்சியை உருவிப் பார்க்கறது பல்லு வெளக்கற மாதிரி ஒரு பழக்கம். காரோட குச்சியை உருவினா, ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிக்குது. மோந்து பார்த்தா டீசல் வாசம். முப்பது வருஷமா டிராக்டர் வெச்சிருக்கேன், ஆயில் குறைஞ்சு பார்த்திருக்கேன், கூடி இப்பத்தான் பார்க்கறேன். போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பேசின தம்பி சொன்னதை அப்படியே எழுதறேன்: "குறைஞ்சாத்தான் சார் பிரச்சினை."

டீசல் கலந்த ஆயில் தண்ணி மாதிரி இளகிப் போகும், பேரிங்குக்கு வழவழப்பு போயிரும், இன்ஜினே போயிரும். இது அந்தத் தம்பிக்குத் தெரியாம இருக்காது. தெரியாம இருந்தா அது இன்னும் மோசம். ரெண்டாவது தடவையும் அதே லேப்டாப், அதே உறுமல், அதே ஆயில் மாத்து. 8,210 ரூபாய்.

இங்க ஒரு விஷயம் கேக்கறேன். ஜாப் கார்டுன்னு ஒரு தாள் தர்றாங்கல்ல, அதை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா? நான் ரெண்டு தடவையும் தமிழ்ல தெளிவாச் சொன்னது: "விளக்கு திரும்பத் திரும்ப வருது, ஆயில் கூடுது, பைபாஸ்ல ஓட்டியும் சரியாகலை." அவங்க எழுதினது: ஜெனரல் செக்கப், ஆயில் சேஞ்ச். அவ்வளவுதான். நாளைக்கு நான் கோர்ட்டுக்குப் போனா, இந்தத் தாள்படி என் வண்டிக்கு எந்தக் குறையும் வந்ததே இல்லை. ஒரு விவசாயி ஆசையா ரெண்டு தடவை ஆயில் மாத்திக்கிட்டான். குறையைச் சரி பண்றதுல காட்டாத கவனத்தைக் குறையை எழுதாம விடறதுல காட்டறாங்க. மூணாவது தடவையில இருந்து நான் சொன்னது சொன்னபடி ஏறற வரைக்கும் கையெழுத்துப் போடறதில்லைன்னு வெச்சுக்கிட்டேன்.

மூணாவது தடவை வைகாசிக் கடைசி. செவ்வாய்க்கிழமை காலையில அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். பாதி வழியில விளக்கு எரிஞ்சுது, கூடவே இன்ஜின் விளக்கும். ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி ஏறலை, மாட்டு வண்டி கணக்கா நகருது. தன்னைக் காப்பாத்திக்கறதுக்காக வண்டியே சக்தியைக் குறைச்சுக்குமாம். தன்னைத்தான், உள்ள இருக்கறவனை இல்லை. வாய்க்கால் பாலத்துக்கிட்ட ஒதுக்கி நிறுத்தினேன். மெஷின்ல நமக்குக் குடுத்த நேரம் எட்டு மணி. தாண்டுனா அடுத்த ஆளைப் போட்டுருவாங்க, அவரும் காத்துக் கிடக்கறவர் தானே. கம்பெனியோட ரோடு சைடு உதவிக்குப் போன் பண்ணினேன். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சொல்லிச்சு. அப்புறம் ஒரு பொண்ணு இந்தியில பேசுச்சு. கடைசியில தமிழ் பேசற ஒருத்தர் வந்து, ரெண்டரை மணி நேரம் ஆகும்னார்.

பால் சொசைட்டி வண்டி வந்துச்சு. கேன்களுக்கு முன்னாடி டிரைவர் பக்கத்துல அப்பாவை ஏத்தி உக்கார வெச்சு அனுப்பினேன். ஏறும்போது அப்பா காரைத் திரும்பிப் பார்த்துட்டு, "மஞ்சளாவே வெச்சிருந்திருக்கலாம் கண்ணு"ன்னார். அவர் கோபத்துல சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்னைக்குப் பூரா சோறு இறங்கலை.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு ஈரோட்டுக்குக் கொண்டு போக 4,500 ரூபாய். இலவசத்துக்கு உண்டான கிலோமீட்டர் எல்லை தாண்டிருச்சாம். அங்க வெச்சு மூணு நாள் கழிச்சுச் சொன்னாங்க: வடிகட்டியையே மாத்தணும், ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம், வாரண்டியில வராது, காரணம் யூசேஜ். ஓடினது மொத்தம் பத்தாயிரம் கிலோமீட்டர் கூட இல்லை.

நான் மாத்த வேண்டாம்னு சொல்லி, எரிச்சுக் குடுத்த வண்டியை எடுத்துட்டு நேரா கோபிக்கு வந்தேன். அங்க ஒரு மெக்கானிக் தம்பி இருக்கார், தகரக் கொட்டாய் தான், ஆனா சொந்தமா ஸ்கேனர் வெச்சிருக்கார். கையெல்லாம் வெக்காதே, வெளியில கை வெச்சா வாரண்டி போயிரும்னு பயமுறுத்தி வெச்சிருக்காங்க, பார்க்க மட்டும் பாருன்னேன். அவர் ஸ்கேனரை மாட்டினார். சாவியை மட்டும் திருப்பச் சொன்னார், இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னார். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அண்ணா, இங்க வாங்க"ன்னார்.

அவர் காட்டினது இதுதான். வடிகட்டிக்கு முன்னாடி ஒரு சின்னக் குழாய், பின்னாடி ஒரு சின்னக் குழாய், ரெண்டும் ஒரு சென்சாருக்குப் போகுது. ரெண்டு பக்க அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அது சொல்லும். கரி அடைக்க அடைக்க வித்தியாசம் கூடும். கம்ப்யூட்டர் அதை வெச்சுத்தான் கரி எவ்வளவு சேர்ந்திருக்குன்னு கணக்குப் போடுது. இன்ஜினே ஓடலைன்னா புகை இல்லை, ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், வித்தியாசம் சைபர் காட்டணும். என் வண்டியில இன்ஜின் ஓடாமலே அது ஒரு எண்ணைக் காட்டிட்டு இருந்துச்சு.

எனக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படலை. தட்டுல ஒண்ணுமே வைக்காம ரெண்டு கிலோ காட்டற தராசு. கமிட்டியிலயும் மண்டியிலயும் எத்தனை தராசு பார்த்திருக்கோம்! அந்தப் பொய்த் தராசை நம்பி, கரி நிறைஞ்சு போச்சு நிறைஞ்சு போச்சுன்னு கம்ப்யூட்டர் தேவையில்லாம டீசலைப் பீச்சிட்டே இருந்திருக்கு. அந்த டீசல் தான் ஆயில்ல. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பெருந்துறைக்குப் போய் எரிச்சது, இல்லாத கரியை. அந்த சென்சார் விலை சில ஆயிரம். அதைப் பார்க்க ஆன நேரம், டீ ஆறுறதுக்குள்ள. ஏ.சி. போட்ட சர்வீஸ் சென்டர்ல பதினெட்டு நாள் இருந்த வண்டி இது. மூணு தடவை லேப்டாப் மாட்டியும் யாரும் இன்ஜினை அணைச்சுட்டு அந்த ஒரு எண்ணைப் பார்க்கலை.

ஏன் பார்க்கலை? திறமை இல்லாம இல்லை. பார்த்தா குறை வண்டி மேல வந்துரும். பார்க்காத வரைக்கும் குறை என் மேல. யூசேஜ்ங்கற வார்த்தை இருக்கறப்ப எவன் குனிஞ்சு குழாயைப் பார்ப்பான்? கிராமத்து ஆள், வேட்டி கட்டி வந்திருக்கான், மெதுவா ஓட்டியிருப்பான், முடிஞ்சது. நீங்க டை கட்டிட்டுப் போனாலும் உங்களுக்கு வேற ஒரு வார்த்தை வெச்சிருப்பாங்க. பெட்ரோல் கலப்படம், பள்ளத்துல விட்டது, தண்ணியில விட்டது, இப்படி.

மெக்கானிக் தம்பி காட்டினதைப் போன்ல வீடியோ எடுத்துட்டு மறுபடி ஈரோட்டுக்குப் போனேன். முதல்ல வெளியில ஸ்கேனர் மாட்டினதே தப்புன்னாங்க. பார்க்கறது தப்புன்னு உங்க புத்தகத்துல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, காட்டுங்கன்னேன். காட்டலை. உள்ள போய் ஒரு மணி நேரம் கழிச்சு மேனேஜர் வந்தார். "குட்வில்லுல சென்சாரை மாத்தித் தர்றோம் சார்"னார். குட்வில். நல்லெண்ணமாம். என் வண்டியில அவங்க வெச்ச கெட்ட சாமானை மாத்தறது எனக்கு அவங்க செய்யற தர்மம். வாரண்டின்னு எழுதினா கம்பெனித் தப்புன்னு ஆயிரும். குட்வில்லுன்னு எழுதினா ரெண்டு தடவை வாங்கின ஆயில் காசைத் திருப்பித் தர வேண்டாம். "முழு திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு கடிதத்துல கையெழுத்தும் கேட்டாங்க. போடலை.

கிளம்பும்போது அட்வைசர் தம்பி தனியா வந்து, "சார், கம்பெனியில இருந்து போன் வரும், பத்துக்குப் பத்து குடுத்துருங்க சார், ஒன்பது குடுத்தாக் கூட எனக்கு இன்சென்டிவ் போயிரும்"னார். அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. கிளெய்ம் அனுப்பி கம்பெனி திருப்பி அனுப்பிட்டா அந்தச் செலவு டீலர் தலையில விழும்னு அவரே சொன்னார். மேல இருக்கறவன் கீழ இருக்கறவனை நெருக்கறான், கீழ இருக்கறவன் என்கிட்ட வந்து பத்துக்குப் பத்து கேக்கறான். போன் வந்தப்ப தம்பிக்குப் பத்து, கம்பெனிக்கு சைபர்னு சொன்னேன். அப்படிப் பிரிச்சுப் போட கட்டம் இல்லைங்களாம்.

இதே ஈரோட்டுல, கருங்கல்பாளையத்துல வியாழக்கிழமை மாட்டுச் சந்தை கூடும். துண்டுக்குள்ள விரல் புடிச்சு விலை பேசறதைப் பார்த்து நீங்க போட்டோ எடுப்பீங்க. ஏமாத்துக்காரங்க கூடற இடம்னு ஒரு பேரும் இருக்கு. பல வருஷம் முன்னாடி அப்பா அங்க ஒரு கறவை மாடு வித்தார். மூணாம் நாள் வாங்கினவர் தேடி வந்துட்டார், மாடு ஒதைக்குது, கறக்க விட மாட்டேங்குதுன்னு. எங்க வீட்டுல ஒதைச்சதில்லை. இடம் மாறினதால இருக்கும்னு சொல்லி அனுப்பியிருக்கலாம். "உங்க யூசேஜ் சரியில்லை"ன்னு சொல்லியிருக்கலாம். அப்பா ஒண்ணும் பேசாம பணத்தை எண்ணிக் குடுத்துட்டு மாட்டைக் கட்டிக்கிட்டார். ரசீது கிடையாது, வாரண்டி புத்தகம் கிடையாது. எல்லாரும் அப்படி இருக்காங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா அப்படி இருக்கறவங்களும் அந்தச் சந்தையில உண்டு. நூறு பக்கம் புத்தகம் அடிச்சுக் குடுக்கற இடத்துல நான் இதுவரைக்கும் ஒருத்தரைப் பார்க்கலை.

நாங்க விக்கற பக்கம் போனாலும் இதே கதைதான், தலைகீழா. ஈரப்பதம் கொஞ்சம் கூடினா விலையில கழிவு. கிழங்குல வண்டு இருந்தாக் கழிவு. நான் விக்கறதுல குறைன்னு நிரூபிக்க வேண்டியதில்லை, வாங்கறவர் சொன்னாப் போதும். நான் வாங்கறதுல குறைன்னா நான் நிரூபிக்கணும். ரெண்டு பக்கமும் நானே.

நிரூபிக்கறதுன்னதும் ஞாபகம் வருது. மத்திய அரசோட விதைக் கழகம் வித்த விதை சரியில்லைன்னு ஆந்திர விவசாயிங்க நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாங்க. விதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி நிரூபிக்கலையேன்னு கழகம் வாதாடிச்சு. 2012-ல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. வாங்கின விதையைப் பூரா விதைக்கறவன், பின்னாடி வழக்குப் போடணும்னு ஒரு பிடி எடுத்து வெச்சுக்கிட்டா விதைப்பான்? விவசாயியும் நுகர்வோர் தான்னு சொல்லுச்சு. கார் வாங்கறவனுக்கும் இதே நியாயம் வேணும். சென்சாருக்குள்ள என்ன கெட்டுப் போச்சுன்னு நான் எந்த ஆய்வுக்கூடத்துல கேப்பேன்? கெட்டுப் போன அந்த சென்சாரையும் அவங்களே எடுத்து வெச்சுக்கிட்டாங்க.

என் சித்தப்பா பையன் சிங்கப்பூர்ல இருக்கான். அங்க 2012-ல இருந்தே இதுக்குச் சட்டம் இருக்குன்னு சொன்னான். வாங்கி ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, அது விக்கும்போதே இருந்த குறைன்னு தான் எடுத்துக்குவாங்க. இல்லைன்னு விக்கறவன் தான் நிரூபிக்கணும். அமெரிக்காவுல 1982-ல இருந்தே மாநிலம் மாநிலமா இப்படிச் சட்டம் வந்துருச்சு. கலிபோர்னியாவுல ஒரே குறைக்கு நாலு தடவை ரிப்பேருக்கு விட்டும் சரியாகலைன்னாலோ, முப்பது நாளுக்கு மேல வண்டி சர்வீஸ் சென்டர்லயே கிடந்தாலோ, பழுது வண்டின்னு எடுத்துக்கிட்டுத் திரும்ப வாங்கிக்கணும், இல்லை மாத்திக் குடுக்கணும். அதே கம்பெனிகள்ல பல அங்கயும் விக்குது. அங்க முடியறது இங்க ஏன் முடியலை? எலுமிச்சம்பழம் பேர்ல சட்டம்னு சொல்றாங்க அதை. நாம எலுமிச்சையைப் புது வண்டி டயருக்கு அடியில வெச்சு நசுக்கறதோட நிறுத்திக்கறோம்.

இங்க ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல முடியாது. 1915-க்குப் போன் பண்ணினேன், புகாரை வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பினாங்க. கம்பெனி "வாடிக்கையாளர் பிரச்சினை தீர்க்கப்பட்டது"ன்னு பதில் போட்டு மூடிருச்சு. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டேன். 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி இருக்கற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. குறை வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பத்துல இருந்து இருபது லட்சம் வரைக்கும் விலை குடுத்த பொருளுக்குக் கட்டணம் நானூறு ரூபாய். ரெண்டு மூட்டை யூரியா விலையை விடக் குறைவு. நான் கேட்டது ரெண்டு ஆயில் மாத்துன காசு, இழுவை வண்டி காசு, மொத்தம் 20,550. அதோட அந்த சென்சாரை வாரண்டியில மாத்தினதா எழுத்துல குடுக்கணும். மன உளைச்சலுக்கு எவ்வளவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அப்பா பால் வண்டியில ஏறினதுக்கு என்ன ரேட்டு போடறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் உக்கார்ந்திருந்தேன். கடைசியில பக்கத்துல இருந்தவர் சொன்ன ஒரு தொகையைப் போட்டேன்.

இவ்வளவு எதுக்கு, இருபதாயிரத்துக்கு இவ்வளவு அலைச்சலான்னு மச்சான் கேட்டார். அந்தக் கேள்வியை நம்பித்தான் அவங்க தொழிலே நடக்குது. லட்சக்கணக்கான பேர் இருபதாயிரத்துக்கு அலைய மாட்டாங்கன்னு அவங்களுக்குக் கணக்கு இருக்கு. உங்களுக்கு லீவு கிடையாது, இ.எம்.ஐ. இருக்கு, குழந்தைக்குப் பரீட்சை. எனக்கும் நாத்து நடவு இருக்கு. ஆனாலும் வரப்பை ஒரு தடவை வெட்டினவனை அப்படியே விட்டா அடுத்த வருஷம் இன்னொரு அடி உள்ள வருவான், அது எங்களுக்குப் பழகின விஷயம்.

சென்சார் மாத்தினதுக்கு அப்புறம் விளக்கு இதுவரைக்கும் வரலை. ஆயிலும் கூடலை. அதே பதிமூணு கிலோமீட்டர், அதே வாய்க்கால் பாலம், அதே வேகம். யூசேஜ் ஒரு துளி மாறலை.

வழக்கு ரெண்டு தடவை வாய்தா போயிருச்சு. கம்பெனி வக்கீல் பதில் மனு போட நேரம் கேட்டிருக்கார். அடுத்தது ஒரு திங்கக்கிழமை வருது, நல்லவேளை செவ்வாய் இல்லை. அப்பா இப்பவும் வண்டியில ஏறினதும் பெல்ட் போடறதுக்கு முன்னாடி மீட்டரைத்தான் எட்டிப் பார்ப்பார்.

"வெளக்கு எரியுதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"அப்பப் போலாம்."